தோல்வியைத் தாங்கும் ரசிகர், விலகலை என்ன செய்வார்?

பேராக் அணியின் மஞ்சள் கறுப்புச் சட்டையை வைத்திருக்கும் ஈப்போ ரசிகருக்கு 2025-26 சூப்பர் லீக்கில் பார்க்க ஆட்டமே இல்லை. முந்தைய பருவம் முடிந்த கையோடு, பண நெருக்கடியால் அணி விலகிக்கொண்டது. ஸ்ரீ பகாங்கும் விலகியது. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை.

2018 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் திரங்கானுவுடன் 3-3 எனச் சமநிலை கண்டு, பினால்டியில் வென்ற அணி இது. சுங்கை சிப்புட்டிலிருந்து மோட்டாரில் வந்து "யோப் யோப் சையோக்" என்று தொண்டை கிழியக் கத்தியவர்களுக்கு அந்த இரவு மறக்காது. ஏழே ஆண்டுகளில் இந்த நிலை.

மாநிலக் காற்பந்துச் சங்கங்களின் அணிகள் தனியார் கிளப்புகளாக மாற்றப்பட்டபோது, அவை சொந்தக் காலில் நிற்கும் என்றார்கள். டிக்கெட் வசூல் ஆட்டக்காரர் சம்பளத்துக்குக் காணாது என்பது ரசிகருக்கே தெரியும். முதலாளி கைவிட்டால் அணி இல்லை.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் வழிவந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, 2022இல் உள்நாட்டு ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து ஆடியது. அந்தப் பருவத்தோடு அதுவும் போனது.

2014 முதல் தொடர்ந்து லீக்கை வெல்லும் ஜேடிடிக்கு மாறிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வீட்டுக்காரரை மாற்றச் சொல்வதுபோல இருக்கிறது இது! இனி எந்தக் கிளப்பும் புதுச் சட்டையை விற்பதற்கு முன், ஆட்டக்காரருக்கு எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்பதை ரசிகரிடம் சொல்லட்டும்.