கூடாரம் வாங்கப் போகும் நண்பருக்கு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)

கோடம்பாக்கத்தில் 'டெண்ட்' என்றால் பெரியவர்களுக்கு நினைவு வருவது மணல் தரையில் அமர்ந்து படம் பார்த்த டெண்டுக் கொட்டகைதான். இன்றைய மாணவ நண்பர்களுக்கோ அது முதுகில் சுமந்து சென்று மலையில் விரித்துப் படுக்கும் சிறு கூடாரம். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை வகுத்து 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து மலையேற்ற ஆசை நம் வகுப்பறைகளிலும் புகுந்துவிட்டது. நல்ல ஆசைதான். ஆனால் கூடாரம் வாங்கப் புறப்படும் நண்பர்கள் எடுத்த எடுப்பிலேயே, "இருப்பதில் மிக இலேசானது எது?" என்று கேட்கிறார்கள். அது பணம் படைத்தவர் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து.

எப்படி என்கிறீர்களா? இருவர் படுக்கக்கூடிய கூடாரத்தை ஒன்றரைக் கிலோவுக்குள் வெளிநாட்டில் செய்கிறார்கள். விலை 25,000 ரூபாயையும் தாண்டுகிறது. டெக்கத்லான் போன்ற கடைகளில் 3 கிலோவுக்குள் உள்ள இருவர் கூடாரம் அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கே கிடைக்கும். துணியை ஒருவரும் கழிகளை மற்றவரும் பகிர்ந்துகொண்டால் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ. அதாவது ஒன்றரை லிட்டர் தண்ணீரின் எடை. இதற்காகவா 20,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பது? கோடம்பாக்கத்தில் மின்சார ரயிலேறி, பார்க் நிலையத்தில் இறங்கி, சென்ட்ரலுக்கு நடந்து, ஜோலார்பேட்டை போய்ச் சேர்ந்தால், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தே ஏறிவிடுகிறது! உண்மையில் சுமை தெரிவது பார்க் நிலையப் படிக்கட்டில்தான்.

பார்க்க வேண்டியவை வேறு. முதலாவது, இரட்டை அடுக்கு. ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ஒற்றை அடுக்குக் கூடாரத்தில் படுத்தவர் விடியற்காலையில், "மழை ஒழுகிவிட்டது" என்பார். பல சமயம் அது மழையன்று, அவருடைய மூச்சு! உறங்கும் மனிதர் ஓர் இரவில் கால் லிட்டருக்கு மேல் நீரை மூச்சாகவும் வியர்வையாகவும் வெளியேற்றுகிறார். அந்த ஆவி குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிச் சொட்டுகிறது. உள்ளே கொசுவலைத் துணியும், வெளியே சற்று விலகி நிற்கும் மேல்விரிப்பும் இருந்தால் ஆவி வலையைக் கடந்துவிடும். துளிகள் மேல்விரிப்பின் உட்புறமாக வழிந்தோடும்.

அடுத்து, துணியின்மேல் 1,500 மி.மீ., 2,000 மி.மீ. என்று எழுதியிருப்பதைக் காணலாம். இது நாம் படித்த நீர்த்தம்ப அழுத்தமேயன்றி வேறல்ல. அத்தனை உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் துணி கசியாது என்று பொருள். மேல்விரிப்புக்கு 1,500 போதும். கீழ்விரிப்புக்குக் கூடுதலாக வேண்டும். முழங்காலை ஊன்றும் இடத்தில் மழையைவிட அழுத்தம் அதிகம்.

என் தந்தை தையற்கலைஞர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவரிடமிருந்து அறிந்தது ஒன்றைச் சொல்கிறேன்: ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான். எனவே தையலின் உட்புறம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். கழிகள் அலுமினியமாக இருந்தால் நல்லது. ஃபைபர் கிளாஸ் விலை குறைவு, ஆனால் சிலாம்பு சிலாம்பாகப் பிளக்கும்.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் விலை நாலாயிரம் ரூபாய் அளவில் வந்து நிற்கிறது. ஆண்டுக்கு இரண்டு இரவுக்காக எத்தனை வீடுகளில் இதைக் கேட்க முடியும்? கேட்க இயலாத மாணவன் ஒன்று வீட்டிலிருப்பான், அல்லது ஒரு தார்ப்பாயோடு போய் நனைவான். எங்கள் கோடம்பாக்கத்தில் ஒரு படத்துக்காக யாரும் கேமரா வாங்குவதில்லை. கேமரா, விளக்கு, உடை, ஜெனரேட்டர் எல்லாமே நாள் வாடகை. கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழிலே அப்படி நடக்கும்போது, மாணவன் மட்டும் ஆளுக்கொரு கூடாரம் வாங்க வேண்டுமா?

ஆகவே, நம் கல்லூரி ஆறு கூடாரங்களை வாங்கி உடற்கல்வித் துறையில் வைக்கட்டும். ஆறும் சேர்ந்து அந்த வெளிநாட்டுக் கூடாரம் ஒன்றின் விலையில் அடங்கிவிடும். மாணவர் கையில் கொடுத்தால் கிழித்துவிடுவார்கள் என்று பேராசிரியர்கள் அஞ்சலாம். கிரிக்கெட் மட்டையை நம்பித் தருகிறவர்கள் இதையும் முன்பணம் பெற்றுக்கொண்டு தரலாமே! இன்னொரு நன்மையும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் சிக்கி மடிந்த பிறகு, அதே ஆண்டில் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. கூடாரம் கல்லூரியுடையது என்றால், யார், எங்கே, வனத்துறை அனுமதியோடுதான் போகிறார்களா என்பது பதிவேட்டில் இருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பாக வேண்டும். ஈரத்தோடு மடித்து வைத்தால் துணியின் பாலியூரித்தேன் பூச்சு சென்னைப் புழுக்கத்தில் பிசுபிசுத்து உரிந்துவிடும். திரும்பி வரும் கூடாரம் ஒவ்வொன்றும் ஒரு முழு நாள் இயற்பியல் கூடத் தாழ்வாரத்தில் கொடி கட்டிக் காய வேண்டும். காய்ந்ததென்று கையொப்பம் விழுந்த பிறகே முன்பணம் திரும்பக் கிடைக்க வேண்டும்.