பெல்லின் காகிதங்களும் சட்டாம்பிள்ளையின் மணலும்

கல்வியியலுக்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இருக்கை இருப்பது இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. 1876 வரை பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் அப்படியோர் இருக்கை கிடையாது. அவ்வாண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் ஒரே சமயத்தில் இரண்டு இருக்கைகள் தோன்றின. முன்னதில் சைமன் சோமர்வில் லாரி அமர்ந்தார், பின்னதில் ஜே. எம். டி. மைக்கிள்ஜான். (கான்ட்டின் 'தூய அறிவின் விமரிசன'த்தை 1855-இலேயே ஆங்கிலத்தில் பெயர்த்தவர் இந்த மைக்கிள்ஜான்தான். அத்தகையவர் பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கான இலக்கணமும் புவியியலும் எழுதிக் குவித்தார் என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.) இவ்விரு இருக்கைகளுக்கும் 'பெல் இருக்கை' என்று பெயர். அந்தப் பெல் யார், பணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நாம் வந்து நிற்கும் இடம் சென்னை எழும்பூர்.

ஆண்ட்ரூ பெல் 1753-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்தவர். வர்ஜீனியாவில் சில ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி, பாதிரியாராகி, 1787-இல் சென்னைக்குக் கப்பலேறி வந்தார். வரும்போது அவர் கையிலிருந்தது நூற்றுச் சொச்சம் பவுண்டு. 1796-இல் திரும்பும்போது ஏறத்தாழ 26,000 பவுண்டு. கம்பெனிப் படைகளுக்கான பாதிரியார் பதவிகள் பலவற்றை ஒரே நேரத்தில் வகித்துச் சேர்த்த செல்வம் அது. ஆனால் 1789-இல் எழும்பூரில் தொடங்கிய ராணுவ ஆண் அநாதை விடுதியின் மேற்பார்வையாளர் பொறுப்புக்கு மட்டும் அவர் சம்பளம் பெறவில்லை. ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்நாட்டுப் பெண்களுக்கும் பிறந்து, பிறகு தந்தையரை இழந்த, அல்லது தந்தையரால் கைவிடப்பட்ட சிறுவர்களின் விடுதி அது.

இனி வருவது பலரும் அறிந்த கதை. ஒருநாள் காலை குதிரையில் சென்ற பெல், ஒரு 'மலபார்'ப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அக்கால ஆங்கிலேயர் 'மலபார்' என்று எழுதினால் பெரும்பாலும் தமிழ் என்றே கொள்ள வேண்டும். விடுதிக்குத் திரும்பியவர், கீழ் வகுப்புக்கு இம்முறையில் எழுத்து கற்பிக்கும்படி தம் ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியர் முடியாது என்றார். பெல் அந்தப் பொறுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். பெரியவர் முடியாதென்றதைச் சிறுவன் முடித்துக் காட்டினான். அன்று முதல் அவ்விடுதியில் மாணவர்களே மாணவர்களுக்கு ஆசிரியரானார்கள்.

1797-இல் லண்டனில் இதைக் குறித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார் பெல். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. வேர்ட்ஸ்வர்த்தும் கோலரிட்ஜும் அதன் ஆதரவாளர்கள். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்பில் தேசியக் கல்விச் சங்கம் ஒன்று அமைந்தபோது பெல்தான் அதன் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளர். 1832-இல் அவர் இறந்தபோது அம்முறையைப் பின்பற்றிய பள்ளிகள் பல்லாயிரம். உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே பெயர். நாம் 1996-இல் 'மதராஸை'ச் சென்னை ஆக்கிவிட்டோம். அவர்கள் விடவில்லை.

நிற்க. பெல்லின் காகிதங்களைப் பற்றிப் பேசவே இவ்வளவும் சொன்னோம். கடிதங்களையும் குறிப்புகளையும் சேர்த்து வைப்பதில் மனிதர் தீராத ஆர்வம் கொண்டவர். அரசவைக் கவிஞராயிருந்த ராபர்ட் சதே அவற்றை வைத்து வாழ்க்கை வரலாறு எழுதத் தொடங்கினார். அவர் மறைந்தபின் மகன் முடித்தார். 1844-இல் மூன்று பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. 1881-இல் மைக்கிள்ஜானும் பெல்லைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் அன்றாட முயற்சி எப்படி உருக்கொண்டது, எங்கே தடுமாறியது, யார் எதிர்த்தார் என்பதை இருநூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் நம்மால் பேச முடிகிறதென்றால் அந்தக் காகிதங்களே காரணம்.

ஆனால் அக்காகிதங்கள் சொல்லாத ஒன்று உண்டு. மணலைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து எடுத்ததாகப் பெல் ஒப்புக்கொண்டார். மாணவனைக் கொண்டு மாணவனுக்குக் கற்பிக்கும் முறையையோ தம் கண்டுபிடிப்பாகவே கடைசிவரை கருதினார். ஜோசப் லங்காஸ்டர் என்ற ஆங்கிலேயரோடு 'முதலில் கண்டவர் யார்' என்ற வழக்கே ஆண்டுக்கணக்கில் நடந்தது. இவ்வழக்கில் மூன்றாவது தரப்பு ஒன்று உண்டென்று அப்போது யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்பவன் இருந்தான். வாத்தியாருக்கு அடுத்தபடி அவன்தான். இளையவர்க்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பான். முறை சொல்ல, எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். 1623-இல் கன்னட நாட்டின் இக்கேரிப் பக்கம் பயணம் செய்த இத்தாலியர் பியத்ரோ தெல்லா வல்லே, சிறுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பாடியபடி தரை மணலில் கணக்கு எழுதிப் பழகியதைப் பதிவு செய்திருக்கிறார். பெல் பிறப்பதற்கு 130 ஆண்டுகள் முன்பு! 1823-இல் பெல்லாரி ஆட்சியர் கேம்ப்பெல், மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் நம் பள்ளிகளின் முறையைப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று அரசுக்கே எழுதினார். தரம்பால் 1983-இல் இந்த அறிக்கைகளையெல்லாம் தொகுத்து வெளியிட்ட பிறகே நாம் அதைத் திரும்பிப் பார்த்தோம்.

இதைப் படித்துவிட்டு மார்தட்டிக் கொள்வோர் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. மன்றோவின் கணக்கெடுப்பு, 1826-இல், சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளையும் 1,88,650 மாணவர்களையும் காட்டுகிறது. அவர்களில் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு உட்பட்டோர் பலருக்குத் திண்ணையே எட்டாத உயரம். கோதண்டம் போடுதல் முதலிய தண்டனைகளைப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். அனுபவித்த பிள்ளை சிரித்திருக்க மாட்டான். பெல் அடிப்பதை வெறுத்தவர். அவர் விடுதியில் குற்றங்களைப் புத்தகத்தில் பதிந்து, மாணவர் குழுவே விசாரிக்கும். ஆனால் அதே பெல்தான் பின்னாளில், ஏழைப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்பிக்க வேண்டியதில்லை, அது அவர்களைத் தம் நிலையில் மனநிறைவின்றி ஆக்கிவிடும் என்ற பொருள்பட எழுதினார். எங்கள் ஊர் மணலில் எழுதக் கற்றுக்கொண்டு போன முறைக்கு இப்படியொரு முடிவுரை.

எனவே பெல்லைப் புகழவோ பழிக்கவோ அன்று இக்கட்டுரை. அவர் காகிதம் வைத்திருந்தார். சட்டாம்பிள்ளை மணல் வைத்திருந்தான். மணலைக் கையால் தடவினால் எழுத்து அழிந்துவிடும். அதன் சிக்கனமே அதுதான். வழக்காடும்போது அதுவே அவன் பலவீனமாயிற்று.

இன்று நம்மிடம் மணல் இல்லை; காகிதம் நிறையவே இருக்கிறது. அவற்றின் கதி என்ன? வடசென்னைக்குத் தொடக்கக் கல்வி வரலாற்றில் சிறிய இடமன்று. கொருக்குப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் தலைமையேற்றிருந்த மாநகராட்சி மன்றம் 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஓரணாவுக்கு மேற்படாமல், சிற்றுண்டி வழங்க ஒப்புதல் தந்ததை நாம் உறுதியாகச் சொல்ல முடிகிறது. மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பு இருப்பதால் சொல்ல முடிகிறது. அந்தச் சிற்றுண்டியைப் பரிமாறிய ஆசிரியர் என்ன கண்டார்? எந்தப் பிள்ளை மறுநாளும் வந்தது? மன்றம் தீர்மானத்தை எழுதும். தட்டின் முன் உட்கார்ந்த பிள்ளையை எழுதாது. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு 'நினைவு அலைகள்' எழுதினாரோ, மதிய உணவுத் திட்டத்தின் உள்கதை நமக்குக் கிடைத்ததோ! அவர் உயர் அதிகாரி, பின்னர் துணைவேந்தர். ஒன்றாம் வகுப்பில் முப்பது ஆண்டு நின்றவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள்?

2003-இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. அட்டைகள், ஏணிப்படிகள், தரையில் வட்டமாக அமர்ந்த பிள்ளைகள், பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் இன்னொரு பிள்ளை. சட்டாம்பிள்ளை வேறு சட்டை போட்டு வந்ததாகவே எங்களுக்குத் தோன்றியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவிய அம்முறை பின்பு வடிவம் மாறி, 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஏன் வந்தது, ஏன் மாறியது, வகுப்பறையில் எது நின்றது, எது விழுந்தது என்பதற்கான மெய்ச்சான்று ஆசிரியர்களின் பாடக் குறிப்பேடுகளிலும் வருகைப் பதிவேடுகளிலும்தான் இருக்கும். அவை பள்ளியின் மூலையிலோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுப் பரணிலோ கிடந்து, வெள்ளையடிக்கும் சமயத்தில் பழைய பேப்பர்க் கடைக்குப் போகின்றன.

மணலியில் இது இன்னும் அவசரம். நகராட்சியாக இருந்த ஊர் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தது. நிர்வாகம் மாறும்போது பீரோக்களும் இடம் மாறும். வழியில் பாதி காணாமல் போகும். மீதியை வெள்ளம் பார்த்துக்கொள்கிறது. 2015, 2021, 2023 என்று கொசஸ்தலையாற்றுத் தண்ணீர் இப்பகுதிக்குள் வந்த ஆண்டுகளை விரல்விட்டு எண்ணலாம். தரைத்தளத்து அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய பதிவேடுகளை வைப்பதுதானே நம் வழக்கம்.

செய்ய வேண்டியது பெரிதன்று என்பதே எங்கள் கருத்து. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூரில், பெல் பள்ளி நடத்திய அதே வட்டாரத்தில், இருக்கிறது. 1994-இல் தோன்றிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தரமணியில் இயங்குகிறது. காலாவதியான பதிவேடுகளைக் கழிக்குமுன் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாவது இத்தகைய இடங்களுக்குச் சேர வேண்டும் என்று கல்வித்துறை ஓர் ஆணை பிறப்பிக்கட்டும். பிள்ளைகளின் பெயரும் சாதியும் உள்ள ஏடுகளை உரிய காலம்வரை யாருக்கும் திறக்காமல் வைக்கலாம், எரிக்க வேண்டியதில்லை. பாடக் குறிப்பேடுகளோ ஆசிரியரின் சொந்தப் படைப்பு. அதற்கு ஆணையும் தேவையில்லை. திருவொற்றியூர், எண்ணூர், மணலிப் பகுதிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எவரேனும் இதைப் படித்தால், வரும் ஐப்பசி மழைக்கு முன் அந்த நோட்டுக்கட்டுகளைப் பரணிலேயே விட்டுவைக்கவும். எடைக்குப் போடுமுன் எங்களுக்கு ஒரு சொல் சொல்லவும்.