‘எதற்கு இது?’ என்று கேட்கும் முன்

இந்திய மண்ணில் இயற்கையாக வளரும் குடுவைச் செடி இனம் ஒன்றே ஒன்றுதான். மேகாலயத்தின் காரோ, காசி, ஜெயந்தியா மலைகளில் அது காணப்படுகிறது. இலையின் நுனி நீண்டு தொங்கி, கெண்டி போன்ற ஒரு குடுவையாக மாறும். அதற்கு மூடி ஒன்றும் உண்டு. விளிம்பில் சுரக்கும் தேனை நாடி வரும் எறும்பும் ஈயும் வழுக்கி உள்ளே விழுந்து, அடியில் தேங்கியிருக்கும் நீரில் மெல்லச் செரித்துப்போகும். காசி மக்கள் இச்செடிக்கு இட்ட பெயருக்கு ‘அரக்கப் பூ’ என்று பொருள். காரோ மக்களின் பெயருக்குப் ‘பேயின் கூடை’ என்று பொருள். ஜெயந்தியா மக்களோ ‘மூடியிட்ட ஈ வலை’ என்று பொருள்படும் பெயரோடு நிறுத்திக்கொண்டனர்.

ஒரே செடிக்கு மூன்று பெயர்கள். முதல் இரண்டில் பார்த்தவரின் அச்சம் தெரிகிறது. மூன்றாவதில் செடி செய்யும் வேலை தெரிகிறது. மலைக்காட்டில் குடுவைக்குள் மிதக்கும் பூச்சிகளை முதன்முதலில் கண்டவருக்கு அச்சம் தோன்றியது இயல்பே. ஆனால் நகரத்து அடுக்ககங்களில் வாழும் நாம், அண்டை வீட்டாரின் வழக்கத்துக்கு மாறான ஒரு பொழுதுபோக்கைக் காணும்போது எவ்வகைப் பெயரைச் சூட்டுகிறோம்? இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஐந்து வகை எதிர்வினைகள்

புனே நகரில் நாங்கள் பணியாற்றிய கிளையின் வாடிக்கையாளர் ஒருவர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். தம் வீட்டுப் பால்கனியில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொட்டிகளில் பூச்சியுண்ணும் செடிகளை வளர்த்து வருகிறார். செடிகளைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். செடிகளைப் பார்க்க வருவோரைப் பற்றிக் கேட்டால் அதற்கும் மேலாகப் பேசுவார். அவர் சொன்னவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, வந்தவர்கள் பெரும்பாலும் ஐந்து வகையில் அடங்கிவிட்டனர்.

முதல் வகையினர் முகம் சுளிப்பவர்கள். சைவ உணவுப் பழக்கமுள்ள வீட்டில் உயிரைத் தின்னும் செடியா என்பது அவர்கள் கேள்வி. இரண்டாம் வகையினர் அஞ்சுபவர்கள். இத்தகைய செடி வீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அன்போடு எச்சரிப்பவர்கள். மூன்றாம் வகையினர் விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்கள். விரலைக் கடிக்குமா என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு பொறியிலும் தீக்குச்சியை நுழைத்துப் பார்ப்பார்கள். நான்காம் வகையினர் உடனடிப் பயனை நாடுபவர்கள்: வீட்டில் கொசுத் தொல்லை தீருமா, தீருமென்றால் தமக்கும் ஒரு தொட்டி கிடைக்குமா? ஐந்தாம் வகையினர் கணக்குப் பார்ப்பவர்கள். இதை விற்றால் என்ன கிடைக்கும், எதுவும் கிடைக்காதென்றால் எதற்கு இது?

இந்த ஐந்து கேள்விகளில் எதுவும் தீய எண்ணத்தில் பிறந்ததன்று. ஆயினும் ஐந்துக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. கேட்பவர் தம் அருவருப்பையோ அச்சத்தையோ தேவையையோ பற்றித்தான் பேசுகிறார். எதிரில் இருக்கும் செடியைப் பற்றியும், அதை ஆண்டுக்கணக்காகப் பேணி வளர்த்தவரைப் பற்றியும் அவர் இன்னும் எதையும் கேட்கவில்லை.

மண்ணின் வறுமை

இத்தனைக்கும் இச்செடிகள் நமக்கு அந்நியமானவை அல்ல. நெப்பந்தஸ், ட்ரோசிரா, யூட்ரிகுலேரியா என்ற பெயர்களைப் பள்ளி நாள்களில் மனப்பாடம் செய்தவர்கள்தாம் நாம். குடுவையின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். விடைத்தாளில் மதிப்புக்குரியதாக இருந்த செடி, பக்கத்து வீட்டுப் பால்கனிக்கு வந்ததும் பேயின் கூடையாகிவிடுகிறது.

புனேயிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் சாத்தாரா மாவட்டத்தின் காஸ் பீடபூமி இருக்கிறது. 2012இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் அதுவும் ஒன்று. மழைக்காலத்தின் பிற்பகுதியில் அங்கே நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூக்கள் கம்பளம் விரித்தாற்போல் மலர்கின்றன. அப்பூக்களைக் காண்பதற்கென்றே மக்கள் கட்டணம் செலுத்திச் சென்று வியந்து திரும்புகிறார்கள். அவற்றுள் பெருந்தொகையானவை யூட்ரிகுலேரியா இனத்துப் பூக்கள். ஈரமண்ணுக்குள் மறைந்திருக்கும் நுண்ணிய பைகளால், கண்ணிமைக்கும் நேரத்தினும் விரைவாகச் சிற்றுயிர்களை உறிஞ்சி உண்ணும் செடி அது. மராத்தி மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரின் பொருள் ‘சீதையின் கண்ணீர்’. பொறி மண்ணுக்கடியில் மறைந்திருக்கும்போது சீதையின் கண்ணீர். வெளியே தொங்கும்போது பேயின் கூடை. இரண்டு செடிகளும் செய்யும் தொழில் ஒன்றே. வேறுபடுவது நம் கண்ணுக்குப் படுவது மட்டுமே.

அந்தத் தொழிலின் காரணத்தையும் அறிந்துகொண்டால் முகச்சுளிப்பு குறையும். இச்செடிகள் மற்றச் செடிகளைப் போலவே சூரிய ஒளியில் தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. ஆனால் அவை தோன்றிய சதுப்பும் பாறைப் பரப்பும் தழைச்சத்து மிகக் குறைந்தவை. மண் தராத சத்தைப் பூச்சியிடமிருந்து பெறுவதற்காகவே இலை பொறியாக மாறியது. கொடுமை என்று நாம் எண்ணுவது, வறிய நிலத்தில் பிறந்த உயிர் பிழைப்பதற்குக் கண்ட வழி.

அதிலும் எத்தனை சிக்கனம்! அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியைத் தாயகமாகக் கொண்ட வீனஸ் பூச்சிப் பொறியைப் பாருங்கள். அதன் இலைக்குள் சில உணர்மயிர்கள் உள்ளன. ஒருமுறை தொட்டால் பொறி மூடாது. ஏறக்குறைய 20 நொடிகளுக்குள் இரண்டாம் முறை தொட்டால்தான் மூடும். விழுந்தது மழைத்துளியா, உயிருள்ள இரையா என்பதை உறுதிசெய்துகொள்ளாமல் அது தன் ஆற்றலைச் செலவிடுவதில்லை. கடவுச்சொல்லோடு நில்லாமல் ஒருமுறைக் கடவுஎண்ணையும் கேட்கும் எங்கள் வங்கிச் செயலிக்கு இது நெருங்கிய உறவு என்றே தோன்றுகிறது. மூடித் திறப்பது அச்செடிக்குப் பெருஞ்செலவு. ஒரு பொறி தன் வாழ்நாளில் சில முறைகளே அவ்வாறு மூடித் திறக்க முடியும். எனவே தீக்குச்சியால் விளையாடுபவர் செடியின் இருப்பை வீணாகக் கரைக்கிறார். கொசுவை ஒழிக்க இதை நாடுபவரும் ஏமாற்றமே அடைவார்.

டார்வின் வீட்டுக் கிண்டல்

முகம் சுளித்தவர்களில் மேதைகளும் உண்டு. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசுக்கு, வீனஸ் பூச்சிப் பொறி உண்மையிலேயே பூச்சியை உண்கிறது என்பதை ஏற்க மனம் வரவில்லை. இரை அசைவதை நிறுத்தியதும் இலை திறந்து விட்டுவிடும் என்றே கருதினார். செடியை விலங்கு உண்ணலாம், விலங்கைச் செடி உண்ணலாகாது என்ற ஒழுங்கில் ஊறிய காலம் அது.

அவருக்குப் பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1860ஆம் ஆண்டுக் கோடையில், சார்லஸ் டார்வின் ட்ரோசிராச் செடியின் பசைத்துளிகளில் எத்தனை பூச்சிகள் ஒட்டியிருக்கின்றன என்று எண்ணத் தொடங்கினார். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் வெளிவந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். உலகமே அதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்க, அவரோ செடிக்கு இறைச்சித் துணுக்கையும் பாலையும் ஊட்டிக்கொண்டிருந்தார். கணவர் இச்செடியை ஓர் உயிர்ப்பிராணியைப் போலவே நடத்துகிறார், இறுதியில் இது விலங்கு என்றே நிறுவிவிடுவார் போலும் என்று அவருடைய மனைவி எம்மா ஒரு கடிதத்தில் கிண்டலாக எழுதினார். ஆனால் அந்தக் கிண்டல் தொட்டிகளை அப்புறப்படுத்தவில்லை. 15 ஆண்டுகள் கழித்து, 1875இல், பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய டார்வினின் நூல் வெளிவந்தது.

பொழுதுபோக்கு உடையவர் எல்லாரும் டார்வின் ஆகிவிடுவர் என்று சொல்ல வரவில்லை. ஆக வேண்டிய தேவையும் இல்லை. உடன் வாழ்வோரின் கிண்டல் இருவகைப்படும் என்பதே செய்தி. அருகில் இருந்து பார்த்து, புரிந்துகொண்டு, சிரித்துக்கொண்டே இடம் கொடுப்பது ஒருவகை. பாராமலே சிரித்து, வாயடைக்கச் செய்வது மற்றொரு வகை. இரண்டாவது வகைக்கு ஆளானவர் மறுமுறை தம் ஆர்வத்தைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. அவர் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தால், பல வேளைகளில் அந்த ஆர்வமே அத்தோடு முடிந்துபோகிறது.

கணக்குப் பார்ப்போருக்கு

வணிகவியல் படித்து வங்கியில் அமர்ந்திருக்கும் எங்களைப் போன்றோர் ஐந்தாம் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் உரிமையோடு விடை சொல்லலாம். ‘இதனால் என்ன வருமானம்?’ என்பது நல்ல கேள்விதான். ஆனால் எல்லாக் கணக்குக்கும் பொருந்தும் கேள்வியன்று. கடன் கேட்டு வருபவரிடம் வங்கி நோக்கத்தைக் கேட்கிறது. திருப்பிச் செலுத்தும் வழியையும் கேட்கிறது. அது பிறர் பணம் என்பதால் கேட்டே ஆக வேண்டும். தம் சேமிப்புக் கணக்கிலிருந்து தம் பணத்தை எடுப்பவர் நிரப்பும் சீட்டில் ‘எதற்காக?’ என்று ஒரு கட்டம் இல்லை. குடும்பக் கடமைகள் முடிந்தபின் எஞ்சும் ஒருமணி நேரமும் சிறு தொகையும் ஒருவரது சேமிப்பு. அதை அவர் குடுவைச் செடிக்குச் செலவிட்டாலும், பழைய தாழ்ப்பாள்களைச் சேர்த்து வைத்தாலும், நம்மிடம் நோக்கம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

இதற்கு எதிர்ப்பக்கமும் எங்களுக்குத் தெரியும். பாஸ்புக்கில் புதிய பதிவு எதுவும் இல்லாத நாளிலும் அச்சிட வந்து நிற்கும் ஓய்வூதியர்களை எந்தக் கிளையிலும் காணலாம். வைப்புநிதி இருக்கிறது, மருத்துவக் காப்பீடு இருக்கிறது, பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். காலை பத்து மணிக்குப் போக ஓர் இடந்தான் இல்லை. பணி ஓய்வுக்கான திட்டம் என்று நாங்கள் விளக்குவதெல்லாம் பணத்தைப் பற்றியே. மாதந்தோறும் ஓய்வூதியம் வந்துவிடும். நாள்தோறும் வரும் பொழுதுக்கு எந்த வங்கியும் திட்டம் வகுக்க இயலாது. மேலே சொன்ன ரயில்வே நண்பர் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வருவார். மற்றபடி அவருக்கு வங்கிக்கு வர நேரம் இருப்பதில்லை. மழைநீர் பிடிக்க வேண்டும், பாசியை மாற்ற வேண்டும், புதுக் குடுவை திறந்ததா என்று பார்க்க வேண்டும். முப்பது வயதில் ஒருவர் தொடங்கிய ஈடுபாட்டைக் கேலி செய்து நிறுத்திவிடுவோர், அவருடைய அறுபத்தைந்தாம் வயதுக்கான வைப்பை முதிர்வுக்கு முன்பே முறித்துவிடுகிறார்கள்.

கேட்கத் தகுந்த கேள்விகள்

அப்படியானால் எதையுமே கேட்கக் கூடாதா? கேட்கலாம்; சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். செலவு வீட்டின் அளவுக்குள் நிற்கிறதா என்று கேட்க இல்லத்தாருக்கு உரிமை உண்டு. தண்ணீர் கசிந்து சுவர் கெடுகிறதா என்று கேட்கக் கீழ்வீட்டாருக்கு உரிமை உண்டு. செடி எங்கிருந்து வந்தது என்று கேட்க நம் எல்லாருக்கும் உரிமை உண்டு.

இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. மேகாலயக் குடுவைச் செடி, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கிறது. காட்டிலிருந்து அதைப் பறிப்பது குற்றம். காரோ மலையில் உள்ள பாக்மாராவில் இச்செடிக்கென்றே ஒரு சரணாலயம் அமைந்திருக்கிறது. எனவே இப்பொழுதுபோக்கில் இறங்க விரும்புவோர், நாற்றுப்பண்ணையில் பெருக்கிய கலப்பினச் செடிகளையே வாங்க வேண்டும். மலையிலிருந்து நேரே வந்தது என்று பெருமையாக விற்கப்படும் செடியைத் தொடக்கூடாது. நல்ல வளர்ப்பாளர்கள் இக்கேள்வியால் வருந்துவதில்லை. மகிழ்ச்சியோடு விடை சொல்வார்கள். குழாய்நீரில் உள்ள உப்புகள் செடியைக் கொல்லும், உரம் இடக்கூடாது, இறைச்சி ஊட்டத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்லித் தருவார்கள்.

வாசக நண்பர்களே, உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவர் வளர்ப்பது செடியாக இல்லாமல் சிலந்தியாக இருக்கலாம். சேர்ப்பது பழைய பூட்டுகளாக இருக்கலாம். அடுத்த முறை அவர் வீட்டுப் பக்கம் செல்லும்போது, ‘எதற்கு இது?’ என்ற சொல்லைச் சற்று ஒத்திவைத்து, ‘இது எப்படி வேலை செய்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். தீக்குச்சியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள்.