ஓய்வறைக் குறிப்புகள்: அப்பா கண்ட கச்சேரி

ரயில்வே விடுமுறைப் பாஸ் பெறும் முறை குறித்து இவ்விதழில் எழுதுவதாகச் சென்ற மாதம் வாக்களித்திருந்தோம். அதை அடுத்த மாதத்திற்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். காரணம், ஜூன் மாதம் பிறந்துவிட்டது. ஜூன் பிறந்தால் எம் இல்லத்து அலமாரியிலிருந்து மடித்த தாள் ஒன்று வெளியே வரும். 2019-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னையை அடுத்த செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பிலிம் சிட்டி மைதானத்தில் நடந்த இளையராஜா அவர்களின் கச்சேரிக்கு நாம் வாங்கிய அனுமதிச் சீட்டு அது. சீட்டின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய திரைப்படப் பெயர்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பெயர்கள் வந்த கதையைத்தான் இம்மாதம் சொல்லப் போகிறோம்.

கதை 1958-இல் தொடங்குகிறது. அப்போது நாம் பிறக்கவில்லை. எம் தந்தையாருக்கு ஒரு வயது நிரம்பவில்லை. மொழிவழி மாநிலங்கள் அமைந்த 1956-இல் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றுவிட்டன அல்லவா? அடுத்த ஆண்டுத் தேர்தலில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் அம்மையார் வென்றார். அத்தேர்தல் செல்லாதெனத் தீர்ப்பாகி, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. இ.எம்.எஸ். அவர்களின் மந்திரி சபைக்கோ பெரும்பான்மை மயிரிழையில் நின்றது. ஆகவே மலைமேல் இருந்த ஒற்றைத் தொகுதியை நாடே உற்று நோக்கியது. தோட்டங்களில் வாக்காளர் பலரும் தமிழர். அவர்களிடையே பாடுவதற்காகப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜன் மலையேறி வந்தார். அம்மையார் மீண்டும் வென்றார். வெற்றியில் பாதி பாவலரின் பாட்டுக்கு உரியது என்று தோட்டத்து முதியோர் இன்றும் சொல்வார்கள். கட்சி விவகாரம் இப்பக்கத்திற்கு உரியதன்று. பாட்டு விவகாரம் உரியது.

எம் பாட்டியார் கைக்குழந்தையைச் சேலைத் தொட்டிலில் கட்டிக்கொண்டு அப்பாட்டைக் கேட்கப் போனவர். "ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான், அவன்தான் இந்த ராசா" என்று தம் இறுதிக் காலம்வரை சாதித்து வந்தார். பாவலரின் தம்பி 1943-இல் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே அண்ணனுடன் ஊர் ஊராகப் பாடப் போனவர். கணக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. எனினும் மேடையிலிருந்து அரை பர்லாங்கு தள்ளி, மூடுபனியில் நின்று கண்ட முகத்திற்கு எவ்வளவு சாட்சி மதிப்புக் கொடுக்கலாமோ அவ்வளவே நாம் கொடுத்து வந்தோம். எம் தந்தையாருக்கு அந்த ஐயம் இல்லை. "ராசா கச்சேரியை நான் ஒரு தடவை கேட்டாச்சு, தூங்கிட்டேன். இன்னொரு தடவை முழிச்சிருந்து கேட்கணும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு.

விழித்திருந்த காலத்தில் அவர் கேட்டதெல்லாம் பெட்டியில் வந்த பாட்டுத்தான். 'அன்னக்கிளி' 1976-இல் வெளிவந்தபோது அவர் மூணாறுப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருந்தார். முதலில் இலங்கை வானொலி. பிறகு மூணாறுச் சந்தையில் பதிவு செய்து வாங்கிய ஒலிநாடாக்கள். அதன் பிறகு கொடைக்கானல் பண்பலை. எம் சிறுபிராயத்தில் லயத்தின் மண் திண்ணையில் அவருக்கும் எமக்கும் ஒரு பந்தயம் நடக்கும். பாட்டின் முன்னிசை தொடங்கியதும் படத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். நாம் பாடகர் வாய் திறக்கக் காத்திருப்போம். அவரோ இரண்டாவது வயலின் இழுப்பிலேயே சொல்லிவிடுவார். இடையிசையில் எங்கே புல்லாங்குழல் வரும், எங்கே கிதார் நின்று தபேலா தொடங்கும் என்பதெல்லாம் அவருக்குக் கொளுந்து நிறுக்கும் தராசுபோல் துல்லியம். பாலக்காட்டு எல்லப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விசுவநாதன் அவர்களைப் பற்றியும், சித்தூரில் பிறந்த பாடகி சுவர்ணலதாவைப் பற்றியும் இப்பக்கத்துத் தமிழர் பெருமையோடு பேசும்போதெல்லாம், "எங்க மலைக்கு அந்தாண்ட இறங்கினா ராசா ஊரு" என்று அவர் தம் பங்கைச் சேர்த்துக்கொள்ளத் தவறியதே இல்லை.

முப்பத்தொன்பது ஆண்டுகள் இலை உருட்டும் எந்திரங்களுக்கு நடுவே நின்றவர் 2015-இல் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில்தான் மூணாறுச் சாலையில் பெண் தொழிலாளர் அமர்ந்தார்கள்; எம் தாயாரும் அவர்களில் ஒருவர். நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயானது அப்போராட்டத்தின் பின்னரே. மறு ஆண்டு தாயாரும் ஓய்வு பெற, லயத்தைக் காலி செய்து இருவரும் எம் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தனர். ஒலவக்கோடு என்று மூத்தோர் சொல்லும் பாலக்காடு சந்திப்பில் ரயில் சத்தத்திற்குக் குறைவில்லை. வந்த முதல் வாரம் தாயாருக்கு உறக்கமில்லை. தந்தையாரோ நிம்மதியாக உறங்கினார். அதன் பொருளை நாம் அப்போது உணரவில்லை.

வானொலியின் ஓசையை அவர் நாள்தோறும் கூட்டிக்கொண்டே போனார். ஒருநாள், "இந்தப் பாட்டுல புல்லாங்குழலை எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். புல்லாங்குழல் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். ஓயாத எந்திர ஓசையில் முதலில் அழிவது மெல்லிய உயர்ந்த சுரங்களை வாங்கும் செவி நரம்பு முனைகள்தாம் என்றும், அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை என்றும், பேரிகையும் தாழ்ந்த கிதாரும் கடைசியாகப் போகும் என்றும் அவர் விளக்கினார். இடச்செவி ஏறக்குறையப் போயிற்று. வலச்செவியில் பாதி இருக்கிறது. அதுவும் தேய்ந்துகொண்டே வரும். செவிக்கருவி பேச்சுக்கு உதவும், பாட்டுக்கு அவ்வளவாக உதவாது. இது 2018-ஆம் ஆண்டின் இறுதியில்.

இவ்விடத்தில் எம் பிழை ஒன்றை ஒளியாமல் எழுத வேண்டும். 2019 பிப்ரவரி 2, 3 தேதிகளில் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் இளையராஜாவின் எழுபத்தைந்தாம் ஆண்டு விழா நடந்தது. போயிருக்கலாம். மாதக் கணக்கு முடிக்கும் வேலை இருந்தது. விடுப்புக் கேட்க நாக்கு எழவில்லை. "அடுத்த தடவை பார்க்கலாம் அப்பா" என்றோம். அவரும் தலையசைத்தார். அந்த நான்கு மாதத்தில் அவர் வலச்செவி வயலினையும் விட்டுவிட்டது.

ஜூனில் மீண்டும் ஒரு கச்சேரி, திரையிசைக் கலைஞர் சங்கத்தின் கட்டட நிதிக்காக, என்று செய்தி வந்தபோது இரண்டு சீட்டு வாங்கிவிட்டுத்தான் வீட்டில் சொன்னோம். விலையைச் சொல்லவில்லை. எதையும் நாட்கூலிக் கணக்கில் பெருக்கிப் பார்ப்பது தந்தையாரின் வழக்கம். அந்தப் பெருக்கலுக்கு இடங்கொடுத்தால் பயணம் நின்றுவிடும். எமக்குப் பாஸ் இருந்தது. அவருக்குத் தனியே டிக்கெட் எடுத்தோம். சனிக்கிழமை இரவு மெயிலில் ஏறினோம். "மூணாறுலயும் ஒரு காலத்துல ரயில் ஓடிச்சு" என்று எதிர் இருக்கையிலிருந்த மலையாளத்து நண்பரிடம் தந்தையார் தொடங்கினார். குண்டலைப் பள்ளத்தாக்கில் டாப் ஸ்டேஷன்வரை ஓடிய சிறு ரயில் 1924 வெள்ளத்தில் போனதும், அதன்பின் இடுக்கி மாவட்டத்திற்கு ரயிலே இல்லாததும் அந்நண்பருக்குப் புதுச் செய்தி. அவர் தாம் யேசுதாஸ் பாட்டைக் கேட்கவே அக்கச்சேரிக்குப் போவதாகச் சொன்னார். இரவு பதினொரு மணிவரை இருவரும் பேசினர். அவர் சொன்னதில் பாதி தந்தையார் காதில் விழவில்லை. அது நட்புக்குக் குறுக்கே நிற்கவுமில்லை.

சென்னை அவ்வாண்டு தண்ணீரின்றித் தவித்தது. மைதானத்திற்குச் செல்லும் வழியில் செம்பரம்பாக்கம் ஏரியைக் காட்டினோம்; வெடித்த மண்ணாய்க் கிடந்தது. வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் வாழ்ந்தவர் பேருந்துச் சன்னலில் முகம் வைத்து, "இதுவா ஏரி?" என்று இரண்டு முறை கேட்டார். மறுமாதம் 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. எம் இலாகாவைப் பற்றி நாமே பெருமை பேசுவது அழகன்று. ஆயினும் அதை ஒருவரி எழுதிவிட்டோம்.

எம் சீட்டு கடைசிப் பகுதியினது. மேடை தீப்பெட்டியளவில் தெரிந்தது. இருபுறமும் பெரிய திரைகள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் ஒலிபெருக்கிக் கோபுரம். இவ்வளவு தூரம் வந்தும் இரைச்சலுக்கு அருகே மாட்டிக்கொண்டோமே என்று நாம் நொந்துகொண்டிருக்க, தந்தையார் எழுந்து போய் அக்கோபுரத்தை ஒட்டியிருந்த இரும்புத் தடுப்பின் மேல் கையை வைத்தார். பிறகு எம்மை அழைத்து எம் கையையும் எடுத்து அதன்மேல் வைத்தார். இரும்பு அதிர்ந்துகொண்டிருந்தது. பேரிகையின் அடியும் தாழ்ந்த கிதாரின் நடையும் உள்ளங்கையில் தனித்தனியே தெரிந்தன. அன்றிரவு முழுதும் அவர் நாற்காலியில் அமரவில்லை; அங்கேயே நின்றார்.

ஆனால் எந்தப் பாட்டென்று அவருக்குத் தெரிய வேண்டுமே! "என்ன பாட்டு, தம்பி?" என்று உரக்கக் கேட்டார். சத்தமிட்டுச் சொல்லிப் பார்த்தோம். முன்வரிசையினர் திரும்பி முறைத்தனர். சட்டைப் பையில் குமாஸ்தாவுக்குரிய பென்சில் இருந்தது. சீட்டைத் திருப்பிப் படத்தின் பெயரை எழுதிக் காட்டினோம். அவ்வளவுதான். பெயரைப் படித்தவுடன் அவர் முகம் மாறிவிட்டது. மீதிப் பாட்டு முழுவதும் அவர் உள்ளேயே இருந்தது. கண்ணைத் திரையில் வைத்து, கையை இரும்பில் வைத்து, தாளம் பிசகாமல் தலையசைத்தார். நடுவே, "இப்ப புல்லாங்குழல்" என்றார். திரையில் ஒருவர் குழலை உதட்டுக்கு எடுத்தார்.

திண்ணைப் பந்தயம் தலைகீழாயிற்று. இப்போது படத்தின் பெயரைச் சொல்வது நாம்; இசையைச் சொல்வது அவர். ஒரே ஒரு முறை தவறினார். இடையிசை வரும் என்று விரலை உயர்த்தியபோது பாடகர் நேரே அடுத்த சரணத்திற்குப் போய்விட்டார். மேடைக்காகச் சுருக்கிவிட்டார்கள் போலும். டிக்கெட்டில்லாப் பயணியைப் பிடித்த பரிசோதகரைப் போல, "பாதியை விட்டுட்டாங்க" என்று அவர் கோபித்துக்கொண்டதைப் பார்த்துப் பக்கத்திலிருந்த இளைஞர்கள் கூடச் சிரித்தார்கள். அதன்பின் அவ்விளைஞர்களும் அவரைச் சுற்றி நின்று, பாட்டுத் தொடங்கியதும் எம் பென்சிலை எட்டிப் பார்க்கலாயினர்.

எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்கள் மேடையேறியபோது மைதானமே எழுந்து நின்றது. பாட்டுரிமை குறித்து 2017-இல் வக்கீல் நோட்டீஸ் போனதும், நெடுநாள் நண்பர் இருவரும் விலகி நின்றதும் தந்தையார் பத்திரிகையில் படித்து வருந்திய செய்தி. கூட்டத்தின் ஆரவாரம் தடுப்பில் ஏறி அவர் கைக்கு எட்டியிருக்க வேண்டும். எம் பக்கம் திரும்பி, "ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?" என்று கேட்டார். சீட்டில் எழுதினோம்: "சேர்ந்து பாடுகிறார்கள்." அந்தப் பட்டியலில் படப்பெயர் அல்லாத வரி அது ஒன்றுதான்.

மறு ஆண்டு செப்டம்பர் 25-ஆம் தேதி பாலசுப்பிரமணியம் மறைந்தார். இனி அந்த இருவரையும் ஒரே மேடையில் காணும் வாய்ப்பு எவருக்கும் இல்லை. பிப்ரவரியை நாம் தவறவிட்டதை நினைக்கும்போதெல்லாம், ஜூனையும் தவறவிட்டிருந்தால் என்ற நினைவு உடன் வந்து எம்மைத் தூங்கவிடாத இரவுகள் உண்டு.

தந்தையாருக்கு இப்போது வலச்செவியும் இல்லை. வானொலிப் பெட்டி தாயாரின் பொறுப்பில் இருக்கிறது. 2025 மார்ச் 8-ஆம் தேதி இலண்டனில் இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது, பத்திரிகையில் வந்த படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "வயலின் எத்தனை?" என்று கேட்டார். எண்ணிச் சொல்ல எமக்குக் கண் போதவில்லை. அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினார்.

இந்த மாதமும் சீட்டை எடுத்துக் கொடுத்தோம். திண்ணையில் அமர்ந்து மேலிருந்து ஒவ்வொரு பெயராய்ப் படித்தார். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே நாலைந்து நிமிடம் ஆயிற்று. விரல் தொடையில் தாளம் போட்டது. பாதிக்குக் கீழே வந்ததும் எம்மை அழைத்தார். மடிப்பு விழுந்த இடத்தில் இரண்டு பெயர்கள் தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தன. "இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதிக் குடு" என்றார். அவ்விரண்டும் எந்தப் படங்கள் என்பது எமக்கு மறந்துவிட்டது. அவரே சொன்னார், பென்சிலை விட்டுப் பேனாவால் எழுதிக் கொடுத்தோம்.