மொட்டை மாடியில் ஐந்து யானை

எந்த ஊரிலும் ஒரு புது நகர்ப் பக்கம் போய் அண்ணாந்து பாருங்கள். பல வீடுகளின் மொட்டை மாடியில் பில்லர் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்கும். 'பின்னாடி மாடி எடுக்கணும்னா உதவும்' என்று விட்டுவைத்தவை. பத்து, பதினைந்து வருட மழையில் துருவேறி, தொட்டால் செதில் செதிலாக உதிரும். அந்தக் கம்பியை நம்பித்தான் ஒருநாள் மேலே ஒரு வீடு எழும்பப் போகிறது.

பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. இல்லையென்றால், வாடகை வந்தால் வீட்டுக் கடனுக்கு ஆகுமே என்று தோன்றுகிறது. உடனே, 'மாடியில ஒரு ரூம் போட்டுக்கலாம்' என்கிறோம். பாய் போடுவது, பந்தல் போடுவது மாதிரி ரூம் போடுவது!

பாய்க்கு எடை கிடையாது. அறைக்கு உண்டு. 12 அடிக்கு 10 அடி அறை, 10 அடி உயரம், 9 இன்ச் செங்கல் சுவர் என்று கணக்குப் போடுங்கள். கதவு, ஜன்னலைக் கழித்தாலும் சுவரும் பூச்சும் மட்டும் சுமார் 15 டன். மேலே நாலரை இன்ச் கான்க்ரீட் தளம் சுமார் 4 டன். அதன் மேல் தட்டோடு, தரைக்கு டைல்ஸ் சேர்த்தால் 20 டன்னைத் தாண்டிவிடும். வளர்ந்த ஆண் யானை ஒன்று ஏறக்குறைய 4 டன். ஆக, ஐந்து யானைகளை மொட்டை மாடியில் நிரந்தரமாகக் கட்டிப்போடுகிறீர்கள். தண்ணீர்த் தொட்டி, கட்டில், பீரோ எல்லாம் தனி.

இவ்வளவு பெரிய காரியத்துக்கு யாரைக் கேட்கிறோம்? முதலில் வாஸ்துக்காரர். ஈசானிய மூலை கனக்கக் கூடாது என்கிறார். படிக்கட்டை இடம் மாற்றுகிறோம். அடுத்து கொத்தனார். 'தாராளமாத் தாங்கும் சார்' என்கிறார். இன்ஜினீயரை மட்டும் கூப்பிடுவதில்லை. 'அவர் வந்தா ஃபீஸ் கேப்பார்.' வாஸ்துக்காரர் சும்மாவா வந்தார்?

கொத்தனாரின் அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், முப்பது வருடங்களுக்கு முன் வேறொரு கொத்தனார் மண்ணுக்குள் எத்தனை அடி ஆழத்தில் கடைக்கால் போட்டார் என்பது இவருக்கு எப்படித் தெரியும்? பழைய வீடுகள் பலவற்றில் பில்லரே கிடையாது. சுவர்தான் பாரம் தாங்குகிறது. கீழே இருப்பது களிமண்ணாக இருந்தால் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். இருக்கிற எடைக்கே சுவரில் விரிசல் விட்டுக்கொண்டிருக்கும் வீட்டின் தலையில்தான் ஐந்து யானை ஏறுகிறது.

'எங்க தாத்தா காலத்துல எந்த இன்ஜினீயர் வந்தார்?' என்று கேட்பீர்கள். வாஸ்தவம். ஆனால் தாத்தா கட்டியது ஒரு வீடு. அதன் தலையில் இன்னொரு வீட்டை ஏற்றுவது நீங்கள்.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். அந்த வாரம் டீக்கடையில்கூட மண் பரிசோதனை பற்றிப் பேசினோம். அப்புறம்? அது பில்டர் சமாச்சாரம், நம்ம வீட்டுக்கு எதுக்கு என்று எழுந்து வந்துவிட்டோம்.

அரசாங்கமும் நமக்கு நல்ல பழக்கம் கற்றுத்தரவில்லை. விதியை மீறிக் கட்டிய கட்டடங்களில் 1999 பிப்ரவரிக்கு முந்தியவற்றுக்கு ஒரு வரன்முறைத் திட்டம். 2007 ஜூலைக்கு முந்தியவற்றுக்கு இன்னொன்று. 'முதல்ல கட்டு, அப்புறம் பணம் கட்டு' என்பதுதான் ஜனங்களுக்குப் புரிந்த பாடம். பணம் கட்டினால் ஃபைல் நேராகும். அஸ்திவாரம் பலமாகுமா?

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே அனுமதி. அலைச்சல் குறைந்தது, சந்தோஷம். ஆனால், சான்று சொல்வது நீங்கள் என்றால் பொறுப்பும் உங்களுடையதுதானே?

மாடி கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டுமுன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை நேரில் வரவழையுங்கள். இடத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவர் வேண்டாம். வீட்டு ஓரத்தில் ஒரு குழி வெட்டிக் கடைக்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே வரும் சுவர் கீழே இருக்கும் சுவர் அல்லது பீமின் மேல் உட்காருகிறதா, வெறும் தளத்தின் நடுவிலா என்று கேளுங்கள். ஏஏசி கல்லில் கட்டினால் சுவரின் எடை செங்கல்லில் மூன்றில் ஒரு பங்குதான். அது நம் வீட்டுக்குச் சரிப்படுமா என்று விசாரியுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மாடிக்குப் போவது பெரும்பாலும் பையனும் மருமகளும். 'எங்களுக்குப் படியேற முடியாதுப்பா' என்று கீழேயே தங்கிவிடுவது அப்பாவும் அம்மாவும். ஐந்து யானைக்கு அடியில் தூங்கப்போவது அவர்கள்தான்.

குழி வெட்டிப் பார்த்துவிட்டு இன்ஜினீயர், 'இது தாங்காதுங்க' என்று சொன்னால் ஆசையில் மண்ணைப் போட்டுவிட்டான் என்று திட்டாதீர்கள். அந்த வீட்டுக்காக நீங்கள் செய்த செலவிலேயே உருப்படியானது அவருக்குக் கொடுத்த ஃபீஸ்தான்.