மானம் போனது யாருக்கு?

பொள்ளாச்சி வழக்கில் கோயமுத்தூர் மகளிர் கோர்ட்டார் 2025-ம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி தீர்ப்புச் சொல்லி, எதிரிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைவாசம் விதித்ததும், பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டதும் யாவரும் அறிந்ததேயாகும். ஆனால், அந்த வழக்கிலிருந்து நம் மக்கள், முக்கியமாய்ப் பிள்ளைகளைப் பெற்றவர்கள், கற்றுக்கொண்ட பாடம் என்ன என்று பார்ப்போமானால், அது தலைகீழான பாடமாகவே இருக்கின்றது என்று வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கின்றது.

அந்தக் கூட்டத்தார் செய்த வேலை என்ன? சமூக வலைத்தளங்களின் மூலம் பெண்களிடம் சிநேகம் பிடிப்பது, நம்பிக்கை வந்தபின் தனியிடத்துக்கு அழைப்பது, பலாத்காரம் செய்து அதைப் படம் பிடிப்பது, பிறகு அந்தப் படத்தைக் காட்டியே பணமும் இணக்கமும் கேட்பது. வருஷக்கணக்காய் நடந்த இந்த வியாபாரத்துக்கு முதல் எது என்று கேட்கின்றோம். செல்போனா? செல்போன் கடைக்குக் கடை கிடைக்கின்றது. "வீட்டில் சொன்னால் அடித்துக் கொல்லுவார்கள், ஊரில் மானம் போய்விடும்" என்று அந்தப் பெண்கள் பயந்தார்களே, அந்தப் பயந்தான் அவர்களுடைய முதல். அந்த முதலை அவர்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர்கள் நாம்தான்.

இதற்குச் சாட்சி அந்த வழக்கிலேயே இருக்கின்றது. 2019 பிப்ரவரி 24-ல் கல்லூரி மாணவி ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். அவர் வீட்டில் சொன்னார். வீட்டார் அவர் பக்கம் நின்றனர். அவ்வளவுதான், அதுவரை அசைக்க முடியாமலிருந்த கூட்டம் சரிந்தது. எந்தக் கருவியை வைத்து மிரட்டினார்களோ அந்தக் கருவியிலிருந்து எடுத்த படங்களே அவர்களுக்கு எதிரான சாட்சியங்களாயின. கோர்ட்டுக்கு வந்த பெண்களில் ஒருவர்கூடச் சாட்சி பிறழவில்லை.

ஆனால் அந்த மாணவிக்குக் கிடைத்த மரியாதை என்ன? புகார் கொடுத்ததற்காக அவருடைய தமையன் தாக்கப்பட்டார். வெளியிடக் கூடாதென்று சட்டம் தடுத்திருக்கும் அவரது பெயரை, போலீஸ் மேலதிகாரியே பத்திரிகைக்காரர்களிடம் வெளியிட்டார். அதற்காக அவருக்கு 25 லட்ச ரூபாய் கொடுக்கும்படி ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை அந்த 2019 மார்ச்சிலேயே உத்தரவிட வேண்டியிருந்தது. காவல் காக்க வேண்டியவர்களுடைய யோக்கியதை இப்படியிருந்தால், இன்னொரு பெண் எந்தத் தைரியத்தில் போலீஸ் ஸ்டேஷன் வாசற்படி மிதிப்பாள்?

நிற்க, நம் ஊர்களில் "பெண்பிள்ளைக்குச் செல்போன் எதற்கு?" என்கின்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. தோட்டங்காட்டிலும் தறிப்பட்டறையிலும் இதையே பெரிய ஞானோபதேசமாகச் சொல்லுகின்றார்கள். செல்போனைப் பிடுங்கினவர்கள் உண்டு. படிப்பை நிறுத்திக் கலியாணத்துக்கு ஜாதகம் எடுத்தவர்களும் உண்டு. தோழர்களே! பொள்ளாச்சியில் குற்றம் செய்தவர்கள் ஆண்பிள்ளைகள். அதைக் கேட்டுவிட்டு "என் மகன் செல்போனில் என்ன செய்கின்றான், எவளை மிரட்டுகின்றான்?" என்று விசாரித்த தகப்பன்மார் எத்தனை பேர்? திருடன் வந்தானென்றால், திருட்டுக் கொடுத்தவனைக் கட்டி வைக்கின்ற நியாயம் உலகத்தில் வேறெங்காவது உண்டா? பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த 2020, 2021 வருஷங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் வந்தது செல்போன் வழியாகத்தானே? அதைப் பிடுங்குவது பாதி அறிவைப் பிடுங்குவதேயாகும்.

"படம் போட்டால்தானே ஆபத்து, போடாமலிருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். 2016 ஜூனில் சேலம் ஜில்லாவில் ஒரு பெண்ணின் முகத்தை எவனோ ஒருவன் வேறோர் உடம்போடு ஒட்டிப் பேஸ்புக்கில் போட்டான். பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தும் காலதாமதமாயிற்று. விசாரித்த போலீஸ்காரர் ஒருவர் லஞ்சமாகச் செல்போன் கேட்டதாகக் குடும்பத்தார் சொன்னார்கள். அந்தப் பெண் உயிரை விட்ட பிறகே ஒருவன் கைதானான்; ஜில்லா போலீஸ் சூப்பிரண்டு தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் செய்த தப்பு என்ன? ஒன்றுமில்லை. இன்றோ செயற்கை அறிவு யந்திரம் அந்த ஒட்டுவேலையை நிமிஷத்தில் செய்து கொடுக்கின்றது. ஆகவே ஒளிந்துகொள்வது மாத்திரம் காப்பு ஆகாது.

இனிப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கல்ல என்று அந்தக் கம்பெனிகளே விதி வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியா தேசத்தார் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாதவர்கள் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாதென்றே தடுத்துவிட்டார்கள். கணக்கு வைத்திருப்பவர்கள் அதைத் தெரிந்தவர்கள் மாத்திரம் பார்க்கும்படி பூட்டி வையுங்கள். கடவுச்சொல்லோடு இரண்டாவது சாவியாக வரும் எண்ணையும் ஏற்படுத்திக் கொள்ளுங்கள். அந்த எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். முகம் தெரியாதவன் அழகான படம் வைத்திருக்கின்றான் என்பதற்காக நம்பாதீர்கள். அந்தப் படம் இன்னொருவனுடையதாக இருக்கலாம். "வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்று எவன் முதலில் சொல்லுகின்றானோ, அவன் எதற்காகச் சொல்லுகின்றான் என்று யோசியுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள். ஒரு தரம் கொடுத்தவனிடம் மறுபடியும் கேட்பான். அவன் அனுப்பியதை அழிக்காதீர்கள், அதுவே சாட்சி. பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். 1930 என்ற எண் சைபர் குற்றத்துக்கு, 1098 குழந்தைகள் உதவிக்கு. பதினெட்டு வயதுக்குட்பட்ட காலத்தில் எடுத்த அந்தரங்கப் படம் பரவுமென்று பயந்தால், அமெரிக்காவிலுள்ள குழந்தைகள் பாதுகாப்பு மையம் ஒன்று நடத்தும் 'டேக் இட் டவுன்' என்னும் இலவச ஏற்பாடு இருக்கின்றது. படம் உங்கள் செல்போனை விட்டு வெளியே போவதில்லை. அதன் கைரேகை போன்ற ஓர் எண்வரிசை மாத்திரம் போகும். அதைக்கொண்டு, இதில் சேர்ந்துள்ள பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலிய கம்பெனிகள் படத்தைக் கண்டுபிடித்து நீக்குகின்றன.

ஆண்பிள்ளைகளே! "நான் எடுக்கவில்லை, எனக்கு வந்ததை நாலு பேருக்கு அனுப்பினேன்" என்பது சமாதானமாகாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது மாத்திரமல்ல, தேடுவதும் இறக்கிச் சேர்ப்பதுங்கூட தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-பி பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே ஐந்து வருஷம் வரை சிறையும், பத்து லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு. அப்படிப்பட்ட படத்தை இறக்கிப் பார்ப்பது மாத்திரம் குற்றமல்லவென்று சென்னை ஹைக்கோர்ட்டு 2024 ஜனவரியில் சொன்ன தீர்ப்பை, சுப்ரீம் கோர்ட்டு அந்த வருஷம் செப்டம்பர் 23-ல் ரத்துச் செய்துவிட்டது. சட்டம் கிடக்கட்டும். ஒருத்தியின் துன்பத்தை வேடிக்கைப் பொருளாக்கி அனுப்புகின்றவனுக்கும் பொள்ளாச்சிக் கும்பலுக்கும் தூரம் எவ்வளவு? அங்கே பார்க்க ஆள் இருப்பதால்தானே இங்கே படம் ஆயுதமாகின்றது?

கடைசியாகப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். உங்கள் மகளோ மகனோ நடுங்கிக்கொண்டு வந்து சொல்லும்போது, உங்கள் வாயிலிருந்து வருகின்ற முதல் வார்த்தையில்தான் எல்லாம் இருக்கின்றது. "குடும்ப மானத்தைக் கெடுத்தாயே" என்றால் மிரட்டுகிறவன் ஜெயித்தான். "பயப்படாதே கண்ணு, நாங்கள் இருக்கின்றோம்" என்றால் அந்த நிமிஷமே அவன் தோற்றான். மானம் என்பது அவமானம் செய்தவனுக்குப் போக வேண்டியதேயொழிய அவமானப்பட்டவருக்குப் போகக்கூடியதல்ல. பொள்ளாச்சியில் மானம் போனது சிறைக்குப் போன ஒன்பது பேருக்குத்தான். அந்த எட்டுப் பெண்களுடைய மானம் கோர்ட்டில் நிமிர்ந்து நின்று சாட்சி சொல்லியிருக்கின்றது. இதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஆபத்து வருவதற்கு முன்னாலேயே, வாய்விட்டுச் சொல்லி வைப்பீர்களாக.