பாய் பெரிது, சுக்கான் சிறிது

மெல்போர்ன் நகரில் குடியேறியிருக்கும் நம் பழைய மாணாக்கர் ஒருவரிடமிருந்து சென்ற வாரம் கடிதம் வந்தது. நெம்புகோல் பாடம் நடக்கும்போதெல்லாம் அவர் கடைசிப் பெஞ்சில் நித்திரை செய்தவர் என்பது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருபது வருஷங்களுக்குப் பிறகு, கடல் அவரைத் தட்டி எழுப்பி அதே பாடத்தை ஒப்பிக்கச் சொல்லியிருக்கிறது!

அவரிடம் இருவர் அமரக்கூடிய கயாக் ஒன்று இருக்கிறது. வட துருவத்தை அடுத்த பனிக் கடல்களில் இனுவிட் மக்கள் தோலைப் போர்த்துக் கட்டிய குறுகிய வேட்டைப் படகின் வம்சத்தில் வந்தது அது. காலை நீட்டி உட்கார்ந்து, இரு முனையும் அகன்ற துடுப்பினால் இடமும் வலமும் மாறி மாறித் தள்ளிச் செல்ல வேண்டும். அதில் அவர் பாய்மரம் நட்டார். முதலில் வாங்கிய பாய் போதாதென்று, அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கி மாட்டினார். பத்து வயதுப் பெண்ணை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போர்ட் பிலிப் வளைகுடாவில் புறப்பட்டார்.

பிற்பகலில் காற்று வலுத்தது. படகோ, போகச் சொன்ன திசையை விட்டுக் காற்றின் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. சுக்கான் மிதியைக் காலால் எவ்வளவு அழுத்தியும் பலனில்லை. பாயைச் சுருட்டிவிட்டுத் துடுப்புப் போட்டுக் கரை சேர இரண்டு மணி நேரமாயிற்று. "குழந்தை அழவில்லை, ஸார். ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதுதான் என்னை வாட்டுகிறது" என்று எழுதியிருக்கிறார்.

துடுப்புப் படகிற்குத் துடுப்பே பாதிச் சுக்கான். பாய் ஏறிவிட்டால் கதை வேறு. காற்று பாயை ஓரிடத்தில் தள்ளுகிறது. தண்ணீர் படகை வேறோர் இடத்தில் எதிர்த்து நிற்கிறது. இரண்டும் நேருக்கு நேர் அமையாவிட்டால் படகு திரும்பத்தான் பார்க்கும். பாய் பெரிதானால் அந்த முறுக்கும் பெரிதாகும். அதைத் தாங்கி நிற்க வேண்டியது, பின்னால் தொங்கும் உள்ளங்கை அகலத் தகடு! மேலும், சுக்கானின் பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் பலம் கால் பங்காகிவிடும். ஆகவே படகு தயங்கி நிற்கும் சமயத்தில்தான், அதாவது மிகவும் வேண்டியிருக்கும் சமயத்தில்தான், சுக்கான் கைவிடுகிறது.

நாம் எழுதிய பதில் இது. முதலில் பாய்மரம் நட்ட இடத்தைப் பாருங்கள். பாயின் அழுத்தம் மிகவும் பின்னால் விழுந்தால், படகு ஓயாமல் காற்றை நோக்கியே திரும்பும். அந்தக் குற்றத்தைப் பெரிய சுக்கான் மறைக்குமே தவிரத் தீர்க்காது. பிறகு தகட்டை மாற்றுங்கள். அலை பின்புறத்தைத் தூக்கும்போதும் நீருக்குள் நிற்கும்படி அது ஆழமாக இருக்கட்டும். தட்டையாக இராமல், முன்னால் பருத்துப் பின்னால் மெலிந்து, மீனின் உடல்போல் இருக்கட்டும். தட்டைத் தகட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திருப்பினாலே நீர் அதன் பின்னே பிரிந்து சுழலும். அப்புறம் அது சுக்கான் அல்ல, முட்டுக்கட்டை. தகட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அச்சுக்கு முன்னால் அமைந்தால் காலுக்குச் சிரமம் குறையும். பெரிய தகடு பெரிய பாரத்தை இழுத்து வரும். எனவே அதைத் தாங்கும் கீலையும், படகின் பின்புறத்தையும் உள்ளிருந்து பலப்படுத்த வேண்டும். நீளும் கயிறு உதவாது. பாறையில் இடித்தால் தகடு தானே மேலே மடங்கிக்கொள்ளவும் வேண்டும்.

ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932-ஆம் வருஷம் உல்ம் நகரில் டான்யூப் நதியில் மடக்குக் கயாக்கை இறக்கினார். நம் பாரத தேசத்துக் கரையோரமாகவும் வந்து, சுமார் 50,000 கிலோமீட்டர் கடந்து, 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸைபாய் தீவை அடைந்தார். யுத்தம் மூண்டிருந்தபடியால் அவரைக் காவலில் வைத்துவிட்டார்கள். அவ்வளவு தூரப் பிரயாணத்திலும் அவருடைய படகில் இருந்தவை ஒரு சிறு பாயும், காலால் இயக்கும் சுக்கானுமே. பாயைப் பெரிதாக்கி அவர் கடலைக் கடக்கவில்லை. பாய்க்கும் சுக்கானுக்கும் பொருத்தம் கெடாமல் பார்த்துக்கொண்டார்.

பாய் ஊரார் கண்ணுக்குத் தெரிகிறது; புகைப்படத்திலும் அழகாக விழுகிறது. சுக்கான் தண்ணீருக்கடியில் இருப்பதால் அதை யாரும் மெச்சுவதில்லை. நம் குடும்பங்களிலும் நாம் முதலில் வாங்குவது எப்போதும் பாய்தான் என்பதை நேயர்கள் அறிவார்கள்.

புதிய சுக்கானைப் பழைய சிறு பாயுடன், மிதவைச் சட்டை அணிந்து, கரையோரத்தில் தனியாகச் சில நாள் சோதித்துப் பார்க்குமாறு நம் மாணாக்கருக்குச் சொல்லியிருக்கிறோம். குழந்தை மறுபடி படகில் ஏறுவதா என்பதை மட்டும் அவர் தீர்மானிக்க வேண்டாம். அவளே கரையிலிருந்து பார்த்துச் சொல்லட்டும்.